பெண்ணாகரக் காட்டில் ஒரு இருவாச்சிக் கூடு

போன பங்குனியில் பெண்ணாகரக் காட்டுக்குப் போய் வந்தோம். காரணம் இரண்டு. என் கணவருக்கு இரண்டு வருஷமாக இடுப்புவலி. சூரமங்கலம் கூட்ஸ் ஆபீசில் நாற்காலியை விட்டு எழுந்தால் சுவரைப் பிடிக்கிறார். இருவாச்சிக் கொழுப்பில் இறக்கிய எண்ணெய்க்குக் கேட்கும் என்றார்கள். எனக்கோ அந்தப் பறவையின் கூட்டைப் பார்க்க ஆசை. முட்டையிடும் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் அளவு கீறல் விட்டு வாசலைப் பூசிக்கொள்ளும். உள்ளே இறகை உதிர்த்துவிடும், பறக்க முடியாது. குஞ்சு தேறி, பூச்சை உடைத்து வெளியே வரும் வரை ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். பழைய புத்தகம் ஒன்றில் இதை எழுத்துக்கூட்டிப் படித்த நாள் முதல், முருகனிடம் இரண்டையும் சேர்த்தே கேட்டு வந்தேன்.

சேலத்திலிருந்து தருமபுரி நாற்பது மைல், பஸ்ஸில் தலைக்கு ஒரு ரூபாய். அங்கிருந்து பெண்ணாகரம் எட்டணா. கண்டக்டர் எங்கள் கட்டுச்சோற்று மூட்டையைப் பார்த்து விசாரித்தார். இருவாச்சி பார்க்கப் போகிறோம் என்றேன்.

"குருவி பாக்கவா இத்தன தூரம்? ஏம்மா, சேலத்துல காக்கா இல்லீங்களா?"

"அதுக்குத் தினம் சோறு வெக்கறேனுங்க. இது நம்மூட்டுக்கு வராதுங்களே," என்றேன். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள்.

அப்புறம் மாட்டுவண்டியில் ஏழு மைல், ஒன்றேகால் ரூபாய். மூங்கிலெல்லாம் காய்ந்து சாம்பல் பூத்து நின்றது. யானை லத்தி கிடந்தது, அதுவும் காய்ந்தது. வழி நெடுக ஒரு பறவை கூடக் கூப்பிடவில்லை.

தேனெடுத்து, வேட்டையாடிப் பிழைக்கும் மாரப்பனுக்கு முன்வாரமே ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தோம்: எண்ணெய் வேண்டும், கூடும் பார்க்க வேண்டும் என்று. போனதும் புட்டியை நீட்டினார்.

"தயாருங்க சாமி. நீங்க வந்து காத்திருக்கக் கூடாதுல்ல."

"எந்தப் பறவைங்க?" என்றேன்.

"நீங்க கேட்ட கூட்டு மரத்துலதாம்மா. இரை கொண்டாரச்சே லேசாக் கெடச்சுது. பயப்படாதீங்க, ஆணைத்தான் அடிச்சேன். உள்ள இருக்கற பொட்டையத் தொட்டாப் பாவம்."

"அதுக்கு இனி யாரு ஊட்டுவா?"

"வேற ஆண் வரும்னு சொல்லுவாங்க."

"வந்துச்சுங்களா?"

அவர் மரமிருந்த பக்கம் பார்த்தார். "ரெண்டு நாளாச்சு. இன்னும் வரலீங்க."

வறண்ட ஓடைக்கரையில் ஒரு மருதமரம். எங்கள் காலடி கேட்டுக் கீறலிலிருந்து அலகு வெளியே வந்து திறந்தது. பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். உள்ளே குஞ்சின் குரல் மெல்லக் கேட்டது. மாரப்பன் அத்திப்பழம் பறித்து, மரமேறி நீட்டினார். அலகு அவர் விரலைக் கொத்திவிட்டு உள்ளே போய்விட்டது. கீறல் விளிம்பில் நாலு பழம் செருகிவிட்டு இறங்கினார். நான் மரத்தடியில் சூடம் ஏற்றினேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை.

அன்றிரவு மாரப்பன் குடிசையில் தங்கினோம். விடிந்து போய்ப் பார்த்தால் மூன்று பழந்தான் இருந்தது. தின்றதா, அணில் கொண்டு போனதா, தெரியாது.

கணவருக்கு லீவு முடிந்துவிட்டது. தினம் ஊட்டச் சொல்லி மாரப்பனைக் கும்பிட்டேன்.

"ஏறறேம்மா. ஆனா ஆண் பறவைன்னா நாள் முழுக்கப் பறந்து பறந்து குடுக்கும். நான் எத்தன தரம் ஏறுவேன்?"

எண்ணெயைத் தினமும் நான்தான் தேய்த்து விடுகிறேன். வலி குறைந்திருக்கிறது என்கிறார். எனக்காகச் சொல்கிறாரோ என்னவோ.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் கையோடு கொண்டு போங்கள், வழியில் கிணறில்லை. வண்டிக்கூலியை ஏறுமுன் பேசிவிடுங்கள். எது வேண்டுமென்றும் முன்கூட்டிச் சொல்லியனுப்பாதீர்கள். ஓடைக்கரை மருதமரத்தைக் கேட்டால் காட்டுவார்கள். பூச்சு உடைந்து பொந்து திறந்திருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். அடைத்தபடியே இருந்தால் எழுத வேண்டாம்.