மழைக்கோட்டு லோர்னா

லோர்னா கிவிஸ்டோவுக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இன்னொரு பேர் இருந்தது. மழைக்கோட்டு. வைத்தவர்கள் மருந்து கலக்கும் டெக்னீஷியன்கள். அவர்களுக்குக் கை வேலையில் இருந்தால் வாய் சும்மா இருக்காது. லோர்னாவிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள்மேல் ஒரு சொட்டு நனையாது என்பது அந்தப் பேரின் பொருள். அது அவள் காதுக்கும் எட்டியது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். சனி பிடித்தது அங்கேதான்.

பார்மசி படிப்பை முடித்த கையோடு ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் கை பழக வருகிறவர்களுக்கு ரெசிடென்ட் என்று பேர். அவர்களைப் பழக்கி விடுவது லோர்னாவின் வேலை. அவளும் ஒரு காலத்தில் ரெசிடென்டாக இருந்தவள்தான். அவளைப் பழக்கியவர் குண்டர்சன், வாயில் பல் குத்தும் குச்சியோடு கேள்வி கேட்கிற ஆள். ஒருநாள் அவள் ஒரு மருந்தின் அளவைக் கூட்டிச் சொல்லிவிட்டாள். டாக்டர்கள், நர்சுகள், நோயாளியின் பெண்டாட்டி எல்லாரும் நிற்க, குண்டர்சன் குச்சியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "இந்த ஆளைக் கொல்லப்போறியா, இல்ல செவிடாக்கி மட்டும் விடப்போறியா? முடிவு பண்ணிட்டுச் சொல்லு, நாங்க நிக்கிறோம்."

அன்றைக்கு லோர்னா படுக்கைவிரிப்பு அறைக்குள் போய், வெளுத்து அடுக்கி வைத்திருந்த விரிப்புகளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அந்த அடுக்கை மறுபடி துவைக்கப் போட்டார்களா என்பது யாருக்கும் தெரியாது. என் கைக்கு ஒரு பிள்ளை வந்தால் அதை இப்படி அழவிடமாட்டேன் என்று அங்கேயே சபதம் எடுத்தாள். அந்த மருந்தின் கணக்கை மட்டும் அவள் அதற்கப்புறம் ஒருதரம்கூடத் தவறவிட்டதில்லை. அது ஏன் என்று யோசித்ததும் இல்லை.

சபதம் பலித்தது. வருஷாவருஷம் ரெசிடென்டுகள் ஓட்டுப் போட்டு, ஜூனில் சிறந்த பயிற்றுநருக்கு ஒரு மரப்பலகை கொடுப்பார்கள். லோர்னாவின் சுவரில் மூன்று தொங்கின.

போன ஜூலையில் வந்தவன் கோல்பி ரைங்க். டகோட்டா பக்கத்துப் பால்பண்ணைப் பையன். எந்நேரமும் சூரியகாந்தி விதையைக் கொறிப்பான். வந்த வாரமே மாத்திரை எடுத்துக் கொடுக்கிற இயந்திரத்துக்குத் தன் வீட்டு மாட்டின் பேரை வைத்து, 'பெட்டூனியா' என்று சீட்டும் ஒட்டிவிட்டான். உதைக்காமல் கறக்கிற மாடாம். டெக்னீஷியன்கள் அன்றைக்கே அவனைத் தத்தெடுத்துக்கொண்டார்கள்.

விளையாட்டுப் பையன்தான், ஆனால் ஒன்றில் குறியாக இருந்தான். அவன் அப்பா கொட்டகைப் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். மாடுகளோடு அம்மா தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊர் வில்லோ க்ரீக்கில் குட்டியாக ஒரு ஆஸ்பத்திரி. அங்கிருந்த பார்மசிஸ்ட் கோடையில் ஓய்வு பெறப்போகிறார். அந்த நாற்காலி கிடைத்தால் காலையில் கறந்துவிட்டு வேலைக்குப் போகலாம், வந்தும் கறக்கலாம். கிடைக்காவிட்டால் மாடுகளை விற்கவேண்டியதுதான். இதை அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

கோல்பியிடம் ஒரே ஒரு ஓட்டை இருப்பதை அக்டோபரில் லோர்னா கண்டுகொண்டாள். சதையில் உண்டாகிச் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிற கழிவுக்குக் கிரியாட்டினின் என்று பேர்; ரத்தத்தில் அதன் எண் நன்றாக இருந்தால் சிறுநீரகமும் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவான். சதை உள்ளவர்களுக்கு அது சரி. கையும் காலும் குச்சியாய்ப் போன எண்பது வயதுக் கிழவிக்கு அந்த எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். உள்ளே சிறுநீரகம் பாதி தூங்கிக்கொண்டிருக்கும், கொடுத்த மருந்து வெளியேறாமல் உடம்பில் தேங்கும். அவன் முழு அளவு மருந்து எழுதுவான். அவன் எழுதுவது எல்லாம் லோர்னாவின் கையெழுத்துக்கு வரும். அவள் அளவைக் குறைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். அவன் கேட்டால், "சின்னதா ஒரு திருத்தம்தான், பெருசா ஒண்ணும் இல்ல" என்பாள். பெருசாக ஒன்றும் இல்லை என்று சொன்னால் பையன் ஏன் திரும்பிப் பார்க்கப்போகிறான்? அடுத்த வேலைக்கு ஓடிவிடுவான்.

வார்டிலும் அதே கதை. டாக்டர் கோல்பியைப் பார்த்துக் கேள்வி கேட்பார். அவன் மூச்சை இழுப்பதற்குள் பின்னால் நிற்கிற லோர்னாவின் வாயிலிருந்து பதில் வந்து விழும். மூத்த டெக்னீஷியன் ரூபி ஒருநாள் கேட்டேவிட்டாள்: "ஏன் லோர்னா, அவன் பல் டாக்டர்கிட்ட போனாத்தான் வாயத் திறப்பானா?"

ஜனவரியில் ஒருதரம் லோர்னா சொல்லிவிடுவது என்று துணிந்தாள். கதவைச் சாத்தி, தான் சுட்ட ஏலக்காய் ரொட்டியை அவன் முன்னால் வைத்தாள். எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று ஆரம்பித்தாள். வயசானவர்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் என்று இழுத்தாள். அவன் முகம் சுண்டத் தொடங்கியதும், இன்னொரு துண்டு எடுத்துக்கொள் என்று முடித்துவிட்டாள். அவன் ரொட்டியை எடுத்துக்கொண்டான். மதிப்பீட்டில் எல்லாக் கட்டத்திலும் 'தேறினார்' என்று போட்டாள்.

அந்த வேலைக்கு மனுப் போட்ட கோல்பி, பரிந்துரைக்கு லோர்னாவின் பேரைக் கொடுத்திருந்தான். மே மாதம் வில்லோ க்ரீக்கிலிருந்து போன் வந்தது. பேசியவள் அந்த ஆஸ்பத்திரி நிர்வாகி பெர்னிஸ் ஓல்மன். கோல்பியைப் பற்றி லோர்னா மூச்சு விடாமல் நல்லது சொன்னாள். எல்லாம் உண்மை. பெர்னிஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சனி ஞாயிறு கட்டடத்துல பார்மசிஸ்ட்னு அவன் ஒருத்தன்தான் இருப்பான். தனியா விடலாமா?" என்றாள்.

வில்லோ க்ரீக்கில் படுத்திருப்பவர்கள் யார் என்று லோர்னா நினைத்துப் பார்த்தாள். எல்லாரும் சதை வற்றிய கிழவிகள், கிழவர்கள்.

"நல்ல பையன்" என்றாள்.

"நல்ல பையன்தான், எனக்கு அவனைக் கைக்குழந்தையிலருந்தே தெரியும். தனியா விடலாமா?"

ஊரில் யாருடைய கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. கம்பியின் அந்தப் பக்கம் யாரோ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. "புரிஞ்சுது" என்றாள் பெர்னிஸ். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

வாரம் கழித்துக் கோல்பி அவள் அறை வாசலில் வந்து நின்றான். வேலை வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டதாம். காரணம் சொல்லவில்லையாம். "பெட்டூனியாவ வேணா பரிந்துரைக்குக் கூப்பிட்டிருக்கலாம், பாஸ்" என்று சிரித்துவிட்டு, சட்டென்று சிரிப்பை விட்டான். "அடுத்த இன்டர்வியூக்கு எதைச் சரி பண்ணணும்? உண்மையச் சொல்லுங்க."

லோர்னாவின் கை மேஜையில் ரொட்டி இருக்கிறதா என்று தேடியது. இல்லை. சொன்னாள். கிழவிகளைப் பற்றி, திருத்தங்களைப் பற்றி, அக்டோபரிலிருந்து நடந்ததை. போன் விஷயத்தையும் சொன்னாள்.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமே சொல்லல."

அவன் சுவரில் இருந்த மூன்று பலகைகளையும் பார்த்தான். "எங்கிட்டயும் அதேதான் சொன்னீங்க" என்றான். கோபமாகக்கூட இல்லை.

அவன் போனதும் பெர்னிஸைக் கூப்பிட்டாள். மூன்று வாரம் கொடுங்கள், நான் தேற்றி அனுப்புகிறேன் என்று கெஞ்சினாள். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாயிற்று என்று பதில் வந்தது.

மறுநாள் வார்டில் டாக்டர் கேட்டபோது லோர்னா நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். கோல்பி தடுமாறினான், காது சிவந்தது, பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றான். யாரும் சாகவில்லை. பத்து நிமிஷத்தில் பார்த்துவிட்டு வந்து சரியாகவும் சொன்னான். அந்த வாரமே கட்டிலில் கிடந்த ஒரு கிழவியின் போர்வையைக் கொஞ்சம் விலக்கி, கையின் பருமனைப் பார்த்துவிட்டு, "எண்ணை மட்டும் பாத்து ஏமாறக்கூடாது" என்று தானாகவே அளவைக் குறைத்து எழுதினான். அவ்வளவுதான் சங்கதி. அக்டோபரிலேயே சொல்லியிருந்தால் ஒரு மத்தியானம் போதும் அதற்கு. ஒரு மத்தியானமும், ஒரு பையனின் சுண்டிய முகமும்.

ஜூன் கடைசியில் வழியனுப்பு விருந்து. ரூபி, கறியும் உருளைக்கிழங்கும் போட்டு அடுப்பில் வாட்டுகிற ஹாட்டிஷ் கொண்டுவந்திருந்தாள். சிறந்த பயிற்றுநருக்கான ஓட்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது என்பது லோர்னாவுக்கு மறந்தேபோயிருந்தது. நாலாவது பலகையும் அவளுக்குத்தான். ஓட்டோடு அப்போதே வாழ்த்துரையும் எழுதிக்கொடுத்தவன் கோல்பி. எழுதியவன்தான் படிக்கவேண்டும் என்பது வழக்கம். அவன் தாளைப் பிரித்தான். கிழித்திருக்கலாம், மாற்றிப் படித்திருக்கலாம். எழுதியதை எழுதியபடியே படித்தான்.

"நான் தப்புப் பண்றேன்னு ஒருநாள்கூட என்னை உணர வச்சதில்ல."

கூட்டம் கைதட்டியது. ரூபி மட்டும் ஹாட்டிஷைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவன் பலகையை நீட்டும்போது குனிந்து, "கனமா இருக்கு பாஸ், ரெண்டு கையாலயும் பிடிங்க" என்றான். அவனிடம் இருந்தது அவ்வளவுதான் தண்டனை. அதையும் மெதுவாகத்தான் கொடுத்தான்.

கோல்பிக்கு ஃபார்கோவில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து தினம் போய்வர முடியாத தூரம். நாலாவது பலகை சுவருக்கு ஏறவில்லை. லோர்னாவின் காருக்குப் பின்னால் பனி அள்ளுகிற மண்வெட்டியோடு கிடக்கிறது.

ஆகஸ்டில் ரூபி வந்து, மாடுகளை விற்றுவிட்டார்களாம், கோல்பி செய்தி அனுப்பியிருந்தான் என்றாள். லோர்னா இயந்திரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். ஓரம் லேசாகக் கிளம்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

"பெட்டூனியாவையும் சேர்த்தா?" என்று கேட்டாள்.

ரூபிக்குத் தெரியவில்லை.