தையல்முத்துவின் விவாகத் திகதி

பெட்டிசம் எழுதுகிறவனுடைய தொழில் என்னவென்றால், ஊராருடைய அழுகையை இங்கிலீசில் எழுதி, அடியில் "தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்" என்று போட்டுக் கையெழுத்து வாங்குவதுதான். சாவகச்சேரிக் கோட்டுக்கு எதிரே ஒரு மேசை, ஒரு ரைப்ரைட்டர், மழைக்கு ஒரு குடை. இதுதான் என் கந்தோர். ஏதோ ஒரு கடுதாசிக்காக ஏதோ ஒரு கந்தோர் வாசலில் கால் கடுக்க நின்ற ஆட்கள்தானே நீங்களும். ஆனபடியால் மிச்சத்தை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

யப்பான் சண்டை முடிந்த அடுத்த வருசம் என் மேசையைச் சுற்றி ஒரே பெண்டுகள். எல்லாருடைய புருசன்மாரும் மலாயாவில் உத்தியோகம். யப்பான்காரன் அங்கே இருந்த மூன்றரை வருசமும் இங்கிருந்து ஒரு கடிதம் போகவில்லை, அங்கிருந்து ஒரு கடிதம் வரவில்லை. இப்போது புருசனிடம் போவதென்றால் பெர்மிட் வேண்டும். அவர் அங்கே ஒரு பாரம் நிரப்பிக் கொடுக்கவேண்டும், இவள் இங்கே ஒரு பாரம் நிரப்பிக் கொடுக்கவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் பெர்மிட். ஒத்துப்போகாவிட்டால் திரும்பவும் என் மேசை. அப்படி வந்தவர்களில் தையல்முத்து என்ற பிள்ளையை மட்டும் என்னால் மறக்க ஏலாமல் இருக்கிறது.

எந்தக் கலியாணம்?

கொடிகாமத்திலிருந்து தமையன் சின்னத்துரையோடு வந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். மடியில் ஒரு சின்னத் துணிப் பொட்டளி, அதைக் கீழே வைக்கவே இல்லை. புருசன் வைத்திலிங்கம் மலாயா றெயில்வேயில் கிளாக்கர். தாலி கட்டிப் பதினொராம் நாள் கப்பல் ஏறினவர். கப்பல் ஏறின நாலாம் மாதம் யப்பான்காரன் வந்து இறங்கிவிட்டான். இவரைச் சீயம் தேசத்துக் காட்டுக்குத் தண்டவாளம் போடப் பிடித்துக்கொண்டு போனார்களாம். உயிரோடு திரும்பி வந்து எழுதிய முதல் கடிதத்தைச் சின்னத்துரை எனக்கு வாசித்துக் காட்டினார். "அடுத்த கலியாண நாளுக்கு முந்தி உன்னைக் கூப்பிடுவன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். நாலு கலியாண நாள் தவறிப்போச்சு. அஞ்சாவதும் தவறினால் எனக்கு முகமில்லை" என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஒளிப்பானேன்? எங்கள் ஊரில் கலியாண நாளை யார் நினைத்து வைத்திருக்கிறார்கள்? திகதியை மனத்தில் வைத்திருப்பது திவசத்துக்கு மட்டுந்தான். என் கலியாண நாளையே நான் என் மனிசியைக் கேட்டுத்தான் சொல்லவேண்டும். "சரி, விவாகத் திகதி சொல்லு பிள்ளை" என்றேன். ஆவணி மாதம் என்றாள். பதிவுத் துண்டைப் பார்த்தால் மே மாதம் என்று இருக்கிறது.

"என்ன பிள்ளை, உனக்கு ரெண்டு கலியாணமோ?" என்று பகிடி விட்டேன். எனக்குத் தெரியாததா? முதலில் எழுத்து, பதிவுகாரரைக் கூப்பிட்டு இரண்டு பேரும் கையெழுத்து வைப்பது. தாலி கட்டுவது பிறகு நாள் பார்த்து. துண்டில் உள்ளதுதான் சட்டம் என்று சொல்லி, அவளைக் கேளாமலே பாரத்தில் மே மாதம் என்று ரைப் அடித்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை நல்லாக இல்லை.

"எழுத்து முடிஞ்ச அண்டைக்கு அவர் தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வண்டில் ஏறித் தன்ரை வீட்டை போனவர், ஐயா. ஆவணியிலை தாலி கட்டினாப் பிறகுதான் எங்கடை வீட்டை வந்தவர்."

ஒரு இலை

பாரம் போய் ஒரு கிழமையில் சின்னத்துரை சந்தைக்கு வந்தவர் என் மேசையடியில் குந்திக்கொண்டார். மனிசனுக்கு மனத்தில் ஏதோ கிடந்து அரித்தது. சண்டைக் காலத்தில் வைத்திலிங்கம் செத்துப்போனான் என்றே வீட்டார் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்களாம். காட்டுக்குப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை என்று கதை வந்ததாம். தாலியைக் கழற்று என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. ஆனால் வேறு இடம் பேசலாமோ என்று இரகசியமாகக் கதைத்தார்களாம். கதைத்ததில் தானும் ஒருவன் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு ஆவணியும் அந்த நாளில் அவள் கூறைச் சேலையைக் கட்டி, சமைத்து, தலைவாழை இலை போட்டு வைத்திலிங்கத்துக்குச் சோறு வைப்பாளாம். இல்லாதவனுக்கு இலை போடுவதைப் பார்த்துத் தாய்க்கு நெஞ்சு பதறிப்போய்விட்டது. "படைக்காதை பிள்ளை, அபசகுனம்" என்று கத்தினாளாம். "அதுக்குப் பிள்ளை என்ன சொன்னாள், அண்ணை?" என்று கேட்டேன். சின்னத்துரை சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"'செத்தவைக்குத்தான் அம்மா படைக்கிறது, நான் பரிமாறுறன்' எண்டு சொல்லிப்போட்டு, இன்னொரு அகப்பை சோறு வைச்சாள்."

மாட்டன் என்றாள்

ஆடி பிறந்து கடுதாசி திரும்பி வந்தது. வைத்திலிங்கம் அங்கே தன் பாரத்தில் ஓகஸ்ட் என்று போட்டிருக்கிறார். அந்த மனிசனுக்கும் தாலி கட்டினதுதான் கலியாணம்! இங்கே நான் கெட்டிக்காரன், மே என்று அடித்து வைத்திருக்கிறேன். மே மாதம் முடித்த பெண்ணும் ஓகஸ்டில் முடித்த பெண்ணும் ஒருத்திதானா என்று கந்தோரில் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு குழந்தைப்பிள்ளையும் கேட்காத கேள்வி. ஆனால் கேட்டுவிட்டார்களே!

என்னிடம் மருந்து இருந்தது. "விவாகம் நடந்தது மே மாதம். ஓகஸ்டில் நடந்தது உறவினர் கூடிய ஒரு கொண்டாட்டம் மட்டுமே" என்று ஒரு சத்தியக் கடுதாசி. கையெழுத்து வைத்தால் பத்து நாளில் பெர்மிட். தமிழில் சொல்லிக் காட்டினேன். பேனையை எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. "உனக்குப் புருசன் வேணுமோ, திகதி வேணுமோ? ஆவணி வாசலிலை நிக்குது. இந்தக் கப்பலை விட்டால் அஞ்சாவது நாளும் போச்சு, தெரியுமோ?" என்று கோட்டு வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவள் பயப்படவில்லை, அழவும் இல்லை.

"அந்த நாளைப் பிடிச்சுக்கொண்டுதான் ஐயா நான் இவ்வளவு காலமும் இருந்தனான். அது சும்மா கொண்டாட்டம் எண்டு கையெழுத்து வைச்சுப்போட்டு எப்பிடி அவரின்ரை முகத்திலை முழிக்கிறது?"

கச்சேரியில்

பிழை என்னுடையது. அன்றிரவு படுக்கையில் கூட அது குத்திக்கொண்டே இருந்தது. விடிந்ததும் ஒரு பெட்டிசம் எழுதினேன். சட்டத்துக்குப் பேனையால் ஒரு கலியாணம், எங்களுக்குத் தாலியால் ஒரு கலியாணம், மாப்பிள்ளையும் பொம்பிளையும் அதே ஆட்கள்தான், புருசன் எழுதியது தாலி, நான் எழுதியது பேனை என்று, இருபது வருசத்தில் முதல்தரமாக அலங்காரம் ஒன்றும் இல்லாமல் எழுதினேன். அதைக் கொண்டு மூன்று பேரும் யாழ்ப்பாணத்துப் பெரிய அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்குப் போனோம்.

பெர்மிட்டுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரை வாசித்தார். "இதெல்லாம் சரி, ஓகஸ்டுக்கு அத்தாட்சி என்ன?" என்று கேட்டார். அது என் பெட்டிசத்தில் இல்லை. அப்போதுதான் தையல்முத்து அந்தப் பொட்டளியை அவிழ்த்தாள். உள்ளே நாலு கடிதம். நாலிலும் வைத்திலிங்கத்தின் பழைய மலாயா விலாசம். நாலின் மேலும் அந்த இடத்துக்குத் தபால் இல்லை என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கொடிகாமம் தபால் கந்தோரின் முத்திரையைப் பார்த்தால், நாலு வருசம், நாலு தரம், வைத்திலிங்கம் பாரத்தில் போட்ட அதே ஓகஸ்ட் திகதி. ஒன்றுகூட உடைக்கப்படவில்லை.

"தபால் போகாது என்று தெரிந்தும் ஏன் எழுதினாய்?" துரை கேட்டதை நான் தமிழில் கேட்டேன். "தபால் கந்தோருக்குத்தானே தபால் இல்லை. எனக்குப் புருசன் இருந்தவர்" என்றாள். அதை ஒரு சொல்லும் கூட்டாமல் இங்கிலீசில் சொன்னேன். துரை கடிதங்களைத் தொடவில்லை. கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். கச்சேரியில் எங்கள் ஆட்கள் நிற்க, துரைமார் இருப்பதுதான் அதுவரை நான் கண்டது. துரை பக்கத்தில் நின்ற கச்சேரிக் கிளாக்கரைப் பார்த்துச் சொன்னார்:

"கிளாக்கர், அந்த அம்மாவை முதலில் இருக்கச் சொல்லும்."

மரணயோகம்

பெர்மிட் கைக்கு வந்தபோது கலியாண நாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது. கொழும்பிலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஒரு கிழமை ஓட்டம். மறுநாளே கொழும்பு றெயில், மெயில் கோச்சி, ஏறினால்தான் சரி. நான் கணக்குப் பார்த்துச் சொல்லி முடிக்கவில்லை, சின்னத்துரை பஞ்சாங்கத்தோடு வந்து நிற்கிறார். மறுநாள் மரணயோகமாம். நாலு நாள் கழித்துத்தான் பிரயாணத்துக்கு நல்ல நாளாம். அட கடவுளே, துரையை வென்றுவிட்டுப் பஞ்சாங்கத்திடம் தோற்பதா? மரணயோகத்தில் போ என்று சொல்ல எனக்கும் நா எழவில்லை, நானும் சைவன்தானே. தையல்முத்து பஞ்சாங்கத்தை வாங்கி மூடி, தமையனின் கையில் கொடுத்தாள்.

"எங்கடை அப்பு ரெண்டு சாத்திரியிட்டை நாள் பாத்துத்தானே அண்ணை எனக்குத் தாலி கட்டினது? நாலாம் மாசம் யப்பான்காரன் வந்தான். இந்தமுறை கெட்ட நாளிலை ஒருக்காப் போய்ப் பாப்பம்."

பினாங்கிலிருந்து

ஐப்பசியில் அவளிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கடல் மோசமாகி, கப்பல் இரண்டு நாள் பிந்திப்போயிற்றாம். கலியாண நாள் நடுக்கடலிலே கழிந்துவிட்டது. கூறையைக் கட்டிக்கொண்டு கப்பல் தட்டில் நின்று தண்ணீரைப் பார்த்து அழுதாளாம். நான் அன்றைக்கு ஒரு சொல் அவளிடம் கேட்டு எழுதியிருந்தால் ஆடியிலேயே போய்ச் சேர்ந்திருப்பாளே!

துறைமுகத்தில் வைத்திலிங்கம் நின்றாராம். தலை நரைத்து, பாதி ஆளாக. அவரே கைதட்டிக் கூப்பிட்டபிறகுதான் இவளுக்கு ஆளை மட்டுக்கட்ட முடிந்ததாம். கிட்டப் போனவள் சுகம்கூட விசாரிக்கவில்லை, "நாளைத் தவறவிட்டிட்டன்" என்று சொல்லி விக்கி விக்கி அழுதாளாம். அதற்கு அவர் சொன்னதை அவள் எழுதினபடியே இங்கே எழுதுகிறேன்:

"காட்டுக்குள்ளை எனக்கு நாள் கணக்குத் தப்பிப்போச்சு, தையல். எது அந்த நாள் எண்டு தெரியாது. தவறவிட்டிடுவன் எண்ட பயத்திலை, விடிஞ்ச ஒவ்வொரு நாளையும் அதுதான் எண்டு வைச்சிருந்தனான். நீ எந்த நாள் வந்திருந்தாலும் சரியான நாளிலைதான் வந்திருப்பாய்."

அன்றிலிருந்து பாரத்தில் 'விவாகத் திகதி' என்ற இடம் வந்தால் நான் கதிரையை விட்டு ஒருதரம் எழும்பி நின்றுதான் கேட்டு எழுதுகிறேன், கோட்டடியில் உள்ளவர்கள் எனக்கு மூலவியாதி என்று கதைக்கிறார்கள்.