எலுமிச்சை ஏறிய டயர்

திங்கட்கிழமை நான் வேலையில் சேர வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தை டவுனுக்கு அப்பால் இன்னொரு ரப்பர் தோட்டத்தின் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவம் வரை படித்துப் பள்ளியை முடித்தவள் நான் ஒருத்திதான். அதை நான் மறந்ததுமில்லை, பிறரை மறக்கவிட்டதுமில்லை. அந்தப் பக்கம் பஸ் போகாது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன அண்ணன் விட்டுச்சென்ற பழைய கார் எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் நின்றது. லைசென்ஸ் என்னிடம் இருந்தது. அப்பாவுக்குச் சைக்கிள்தான் ஓட்டத் தெரியும். ஆனால் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

"முன் டயரப் பாத்தியா? ஓரமெல்லாம் தேஞ்சு கெடக்கு. புது டயர் போடுற வரைக்கும் சித்தப்பா மோட்டார்ல கொண்டுபோயி விடட்டும்" என்றார்.

மோட்டார் சைக்கிளின் பின்னால், சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் செம்மண் தூசியோடு முதல் நாளே பள்ளிக்குள் நுழைவதா? பின் டயர்கள் அவ்வளவாகத் தேயவில்லை. முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றலாம் என்று காரோடு வந்த கையேட்டில் படம் போட்டிருந்தது. ஞாயிறு மத்தியானம் அண்ணனின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினேன். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் மழையில் மண் ஊறியிருந்தது. காரைத் தூக்கும் ஜெக்கை வைத்துச் சுழற்றினால் கார் மேலே எழவில்லை, ஜெக்தான் கீழே இறங்கியது. குளியலறையில் கிடந்த பலகையை இழுத்துவந்து அடியில் கொடுத்தேன். பின் சக்கரங்களுக்குச் செங்கல் வைத்தேன். தூக்குவதற்கு முன் தளர்த்தப் பார்த்த நட்டு அசையாமல் போக, ஸ்பேனர் கைப்பிடியின் மேல் ஏறி நின்று குதித்தேன். குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தை சிரித்தார்.

"டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துல இதான் பாடமா? பிள்ளைங்க பாவம்லா!"

"உங்க மகனையும் அனுப்பிவைங்க அத்தை, சேத்து சொல்லிக்குடுக்குறேன்."

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்குப் பொறுமை இல்லை. கழற்றிய முன் டயரின் இடத்தில் அப்போதைக்கு ஸ்பேர் டயரை மாட்டிவிட்டு, கழற்றியதைப் பின்பக்கம் உருட்டிக்கொண்டு போகும்போது கடைக்குப் போயிருந்த அம்மா வந்துவிட்டார்.

"அடியே, அத எங்க கொண்டுபோற?"

"பின்னால மாட்டப் போறேன்."

அம்மா கூடையைக் கீழே போட்டார். "கோயில்ல எலுமிச்சம்பழத்து மேல ஏறின டயருடி அது! சந்தனம் வச்சதெல்லாம் அதுக்குத்தான். முன்னால போற டயரு முன்னாலதான் போவணும். பூச காணாதத முன்னால விட்டுட்டு ரோட்ல போவியா?"

கார் வாங்கிய நாளில் முன் சக்கரங்களுக்கு மட்டும்தான் பழம் வைத்தார்கள். அம்மா அதைக் கண்ணால் பார்த்தவர்.

"ஏறினது காருதானேம்மா?"

"டயருதான் ஏறிச்சு. நா பாத்தேன்."

அப்பா அம்மா பக்கம் சேர்ந்துகொண்டார். "பழையபடி மாட்டிரு. வேணாம்."

பழையபடி மாட்டினால் பழையபடி சித்தப்பாவின் மோட்டார். மழை நெருங்குகிறது, டயர் கையில் இருக்கிறது, பேசி ஜெயிக்க நேரமில்லை.

"முன்னால வர்ற டயருக்கும் பழம் வச்சிட்டா?" என்றேன்.

அம்மா யோசித்தார். "பூசாரி?"

"சூடம் இருக்கு. நீங்க இருக்கீங்க."

வீட்டில் பழம் இல்லை. குழாயடி அத்தை தன் செடியிலிருந்து கஸ்தூரி எலுமிச்சை பறித்துவந்தார். கோலிக்குண்டு அளவுதான் இருந்தது. "இது என்ன பழம்?" என்று அம்மா முகம் சுளித்தார். "தோட்டத்துச் சாமிக்குத் தெரியாத பழமா? வைங்கக்கா" என்றார் அத்தை.

நான் நிற்கவில்லை. தூக்கி, கழற்றி, மாட்டி, இறக்கி, மறுபக்கமும் அப்படியே. விரல் முட்டியில் தோல் உரிந்தது, பிறகுதான் கவனித்தேன். கடைசி நட்டை இறுக்கும்போது முதல் தூறல் விழுந்தது. அம்மா முன் சக்கரங்களுக்குக் கீழே பழங்களை வைத்து, முந்தானையால் மறைத்துக்கொண்டு சூடம் காட்டினார். சூடம் அணைந்தது. நால்வரும் காரைப் பார்த்தபடி நின்றோம்.

காரை யாராவது ஓட்டினால்தானே பழம் நசுங்கும்?

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "ஏறு. மெதுவா."

பழம் நசுங்கியது எனக்குத் தெரியவே இல்லை. அத்தனை சின்னது. ஆனால் அம்மா கும்பிட்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். லயத்துக் கோடிவரை ஓட்டிப்போய்த் திருப்பிவந்து, இறங்கி, எல்லா நட்டையும் மறுபடி இறுக்கினேன். அப்பா குனிந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தார். சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.

"சித்தப்பாகிட்ட வரவேணாம்னு சொல்லிரவா?" என்றார்.

"நானே போயி சொல்லிட்டு வந்துர்றேன்."

கை கழுவக்கூட நிற்காமல், கிரீஸோடு ஸ்டியரிங்கைப் பிடித்து மழைக்குள் கிளம்பினேன்.