வெளியே போயிருப்பவருக்கு ஒரு பதக்கம்

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த திரையரங்கில் முப்பத்து நான்கு வருடம் டிக்கெட் கொடுத்தவர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் குரல் தெரியும், முகம் தெரியாது. அவர் உட்கார்ந்திருந்த கூண்டில், கம்பிக்குக் கீழே ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் துவாரம். அதனால் அவருக்கும் ஊர்க்காரர்களின் கைகள்தான் தெரியும். சந்தையில் யாராவது தக்காளியைப் பொறுக்கக் கை நீட்டினால், "நீங்க பால்கனி ஆளாச்சே, தரை டிக்கெட் தக்காளிக்கு வந்துட்டீங்களே" என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. டிக்கெட் அக்கா என்ற பெயர் மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது.

இருபத்தோரு வயதில் அந்த வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வேறொரு வேலையும் கிடைத்திருந்தது. ஆலை அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி வேலை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குக் காரணம் அவருடைய அண்ணன்.

அண்ணன் போர்க்காலத்தில் ராணுவத்துக்கு லாரி ஓட்டப் போனவர். துப்பாக்கி தூக்கவில்லை, கட்டுத்துணியும் மருந்தும் ஏற்றிப் போகும் வண்டி. போர் முடிய மூன்று வாரம் இருந்தபோது, ஓர் ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த லாரி சாலை ஓரமாக நின்றிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். சரக்கு அப்படியே இருந்தது. குடிதண்ணீர்க் கேன் இருக்கையில் இருந்தது. ஆள் இல்லை, சாவியும் இல்லை. அப்போது அண்ணனுக்கு இருபத்து மூன்று வயது, தங்கைக்குப் பத்தொன்பது.

சில மாதம் கழித்து ராணுவத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. இறந்துவிட்டதாக ஏற்றுக்கொண்டு குடும்பத்தார் கையெழுத்திட வேண்டும் என்றது. அவர்களுடைய அம்மா அதை நான்காக மடித்து, வந்த உறையிலேயே வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"சாவியை எடுத்துக்கிட்டு இறங்கினவன் திரும்பி வந்து வண்டியை எடுக்கத்தான் இறங்கியிருப்பான். ஆளையும் காட்டாம பொணத்தையும் காட்டாம கையெழுத்து மட்டும் கேட்டா எப்படி?"

அம்மாவின் அந்த வாதத்தை உடைக்க அன்றும் யாரும் இல்லை, அதற்குப் பிறகும் யாரும் வரவில்லை.

ஊருக்குத் திரும்புகிறவன் பேருந்தில்தான் வர வேண்டும். வந்தால் எதிரே திரையரங்கு. அண்ணனோ சினிமாப் பைத்தியம். வீட்டுக்குப் போவதற்கு முன் ஒரு படம் பார்த்துவிட்டுப் போகக்கூடிய ஆள். தங்கையின் கணக்கு அவ்வளவுதான். அண்ணனின் இடது கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருக்கும், டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி விழுந்தது. அந்த நகத்துக்காக ஒரு நாளைக்கு நான்கு காட்சி, காட்சிக்கு எண்ணூறு கை என்று முப்பத்து நான்கு வருடம் பார்த்தார். இரண்டு முறை அவசரப்பட்டுக் கூண்டைவிட்டு வெளியே ஓடி வந்திருக்கிறார். ஒருவர் தச்சர். இன்னொருவர் தன்னைக் கடன்காரர்கள் ஆள் வைத்துத் துரத்துவதாக நினைத்து டிக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்.

வீட்டில் இன்னொரு ஏற்பாடும் நடந்தது. குடும்ப அட்டையை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதிகாரி வந்து பெயர்களை வாசித்து ஆள் பார்ப்பார். அண்ணன் பெயர் வரும்போது அம்மா, "வெளியே போயிருக்கான்" என்பார். பொய் இல்லை. வயதில் ஐந்தைக் கூட்டி, தொழில் ஓட்டுநர் என்று எழுதிக்கொண்டு அதிகாரி போய்விடுவார். லாரி ஓட்டுகிறவன் வீட்டில் இல்லாததில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? அம்மா சாகும்போது சொன்னதும் இது ஒன்றுதான்: "பேரை மட்டும் எடுத்துடாதே."

டிக்கெட் அக்கா எடுக்கவில்லை. அண்ணனுக்குக் காகிதத்தில் முப்பதானது, ஐம்பதானது. அறுபத்தைந்தானபோது நகர அலுவலகம் வாழ்த்துக் கடிதத்தோடு மூத்த குடிமக்களுக்கான இலவசப் பேருந்து அட்டையும் அனுப்பி வைத்தது. "இனிமே பஸ்ஸுக்குக் காசில்லைன்னு சாக்கு சொல்ல முடியாது" என்று அதை அலமாரியில் வைத்தார் அக்கா.

அவருடைய கணவர் அதே திரையரங்கில் படம் ஓட்டியவர். எட்டு வருடத்துக்கு முன் இறந்துபோனார். ஒரே மகள், நகர மருத்துவமனையில் செவிலி. அம்மாவும் மகளும் மட்டும்தான் இப்போது வீட்டில். மாமா போரில் லாரி ஓட்டப் போனவர் என்பதைத் தவிர மகளுக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது. சிறுமியாக இருந்தபோது, மாமா உயரமா, குட்டையா, பாடுவாரா என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "வந்தா நீயே பாத்துக்கோ." வரப்போகிறவரைப் பற்றி எதற்குக் கதை சொல்ல வேண்டும்?

போன வருடம் ஒரு நாள் மகள் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, போர்ல வண்டி ஓட்டினவங்களுக்கும் பதக்கம் தர்றாங்களாம். இவ்வளவு வருஷம் கழிச்சு இப்பதான் ஞாபகம் வந்திருக்கு."

"அதுக்கு என்ன இப்ப? அவன் வந்து வாங்கிக்கட்டும்."

"விளிம்புல அவங்கவங்க பேரைப் பொறிச்சுத் தருவாங்களாம்மா."

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"பேரா? அழியாம?"

"உலோகத்துலம்மா. எப்படி அழியும்?"

குடும்ப அட்டையைப் புதுப்பித்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடுத்த முறை யார் அதிகாரியிடம் பேசுவது என்று அக்கா மகளிடம் கேட்டார். மகள் உண்மையைச் சொன்னாள்.

"நான் எப்படிம்மா சொல்றது? நான் அவரைப் பாத்ததே இல்லையே. உனக்கப்புறம் என்னால இதை இழுத்துக்கிட்டுப் போக முடியாது."

மகள்மேல் கோபம் வரவில்லை. ஆனால் அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தனக்குப் பிறகு இந்த உலகத்தில் அண்ணன் பெயர் எழுதியிருக்கும் இடம் ஒன்றுகூட இருக்காது. மறுநாளே பதக்கத்துக்கு விண்ணப்பம் கொடுக்கக் கிளம்பினார்.

அலுவலகம் மூன்றாவது மாடியில். வரிசை படிக்கட்டு வரை நின்றது. கூட்டத்தைப் பார்த்தால் பயப்படுகிற ஆள் அக்கா இல்லை, வரிசையை மீறி நுழைந்த ஒருவரை, "அண்ணே, ஹவுஸ்ஃபுல். அடுத்த காட்சிக்கு வாங்க" என்று பின்னால் அனுப்பி வைத்தார். அவர் முறை வந்தது. குமாஸ்தா கண்ணாடி போட்ட இளைஞர், நிமிராமலே கேட்டார்.

"யாருக்கும்மா பதக்கம்?"

"எங்க அண்ணனுக்கு, தம்பி."

"ஐயா வரலையா?"

"வெளியே போயிருக்காரு."

நாற்பத்து நான்கு வருடப் பழக்கம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. குமாஸ்தா குடும்ப அட்டையைப் பார்த்தார். பெயர் இருந்தது. அட்டைக் கணக்கில் இப்போது வயது அறுபத்தேழு. எல்லாம் சரி. ஒரு கட்டத்தில் குறியிட்டு, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

ஆறு வாரத்தில் அண்ணன் பெயருக்கே கடிதம் வந்தது. விழாவுக்குத் தாங்கள் நேரில் வந்து பதக்கத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும், உடன் இருவரை அழைத்து வரலாம் என்றிருந்தது. மகள் இரண்டு தடவை படித்தாள்.

"அம்மா, அங்கே போய் என்னதான் சொன்னே?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"என்னன்னு?"

"எப்பவும் சொல்றதுதான்."

"ஐயோ அம்மா! செத்தவங்க பதக்கத்தைக் குடும்பம் வாங்கலாம், உயிரோட இருக்கறவங்க நேர்லதான் வரணும். இப்ப அவரை எங்கேயிருந்து கூட்டிக்கிட்டு வர்றது?"

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அக்கா அந்தக் கடிதத்தை வாங்கி, உறையில் இருந்த அண்ணன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பவும் மூன்றாவது மாடி. இந்த முறை மகளும் வந்தாள். மூட்டு வலியோடு ஏறிய அம்மாவை மேலே உட்கார வைத்துவிட்டு, மருந்து வாங்கக் கீழே போனாள். அதே குமாஸ்தா.

"அன்னிக்கு வெளியே போயிருக்காருன்னு சொன்னீங்களேம்மா?"

"ஆமா தம்பி."

"எப்ப போனாரு?"

"நாப்பத்து நாலு வருஷம் ஆச்சு."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். அக்கா லாரி, பாலம், சாவி எல்லாவற்றையும் சொன்னார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். குமாஸ்தா எழுந்து போய் அலமாரியிலிருந்து இன்னொரு படிவத்தைத் தேடி எடுத்து வந்தார். காணாமல் போனவர்களுக்கானது. குடும்பத்தில் மூத்தவர் கையெழுத்துப் போட்டால் போதும். பதக்கம் தங்கைக்கு வரும், குடும்ப அட்டையிலிருந்து பெயர் தானாக நீங்கிவிடும்.

"அட்டையில அப்படியே இருந்தா என்ன தம்பி? பேருதானே. யாரை என்ன பண்ணுது?"

"ரெண்டு இடத்துலயும் இருக்க முடியாதும்மா. ஒண்ணு இருக்காரு, இல்ல இல்லை."

அக்கா படிவத்தை மெதுவாக நிரப்பினார். ஒரு கட்டத்தில் பேனா நின்றது. "இறந்துவிட்டதாகக் குடும்பம் கருதும் நாள்" என்று அதில் இருந்தது.

"லாரி கிடைச்ச தேதியைப் போடுங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"அன்னிக்கு நாங்க அப்படி நினைக்கலையே."

"அப்ப, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஒரு தேதி..."

"அப்பவும் நினைக்கலை. அம்மா சாகும்போதும் நினைக்கலை. போன மாசம்கூட நினைக்கலை தம்பி."

"எதையாவது ஒண்ணைப் போட்டாத்தான் மேலே அனுப்ப முடியும்" என்றார் குமாஸ்தா, குரலைத் தாழ்த்தி.

சுவரில் நாட்காட்டி தொங்கியது. அக்கா அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அன்றைய தேதியை எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா அதை வாங்கி, குடும்ப அட்டையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நேற்று வரை இருந்தவர் என்று அட்டை சொன்னது. இன்றிலிருந்து இல்லை என்று படிவம் சொன்னது. எங்கேயும் இடிக்கவில்லை. முத்திரை குத்தும்போது மட்டும் வழக்கமான சத்தம் வராமல் மெல்ல அழுத்தினார்.

மருந்தோடு ஏறி வந்த மகள் படிக்கட்டுத் திருப்பத்தில் அம்மாவைப் பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"மாமா போயிட்டாரு."

"எப்பம்மா?"

"இப்பத்தான்."

அங்கேயே படியில் உட்கார்ந்து அக்கா அழுதார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கிப் போனார்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து மருத்துவமனைக்கு ஃபோன் செய்தாள். "சிஸ்டர், எங்க மாமா இறந்துட்டாரு. ரெண்டு நாள் லீவு வேணும். இல்ல, உடம்பு முடியாம இல்ல. திடீர்னுதான்."

அந்த இரண்டு நாளும் அக்கா பேசினார். அண்ணன் உயரம், ஆனால் கூன் போட்டு நடப்பான். பாட வராது, பாடாமலும் இருக்க மாட்டான். முதன்முதலில் லாரி ஓட்டிய அன்று பின்பக்கமாக எடுத்து ஒரு சலவைக் கடையின் துணிக் கொடிகளை எல்லாம் அறுத்துவிட்டு, கடைக்காரரிடம் அடி வாங்கிய கையோடு அங்கேயே ஒரு மாதம் இஸ்திரி போட்டு ஈடு கட்டினான். போருக்குப் போகிற அன்று தங்கையிடம் இரண்டு சினிமா டிக்கெட்டைக் கொடுத்து, "அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போ, கதையை மட்டும் எனக்கு எழுதிடாதே, வந்து பாத்துக்கறேன்" என்றான். அந்தப் படத்தை அக்கா இன்றுவரை பார்க்கவில்லை. மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாவது நாள் வேலைக்குப் போகும்போது, "சாயங்காலம் மீதியைச் சொல்லணும்" என்று கட்டாயப்படுத்திவிட்டுப் போனாள்.

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மடக்கு நாற்காலிகளில் முந்நூறு பேர். முன்வரிசைகளில் தள்ளாடும் கிழவர்கள், பின்னால் குடும்பங்கள். ஒலிபெருக்கியில் பெயர், பிரிவு என்று வாசித்தார்கள். இறந்தவர்கள் பெயருக்கும் அதே முறைதான். உறவினர் எழுந்து போய் வாங்க வேண்டும்.

அண்ணனின் பெயர் வந்தது. முழுப் பெயர், அப்பா பெயரோடு. மண்டபம் முழுக்கக் கேட்டது. அந்தப் பெயரை வேற்றாள் ஒருவர் சத்தமாகக் கூப்பிட்டு அக்கா கேட்டு நாற்பத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவர் எழவில்லை. கழுத்தைத் திருப்பி, பின்வரிசைகளையும் வாசலையும் பார்த்தார்.

இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். மகள் முழங்கையால் இடித்தாள்.

"அம்மா, நம்மளைத்தான்."

"தெரியும். இரு, இன்னொரு தடவை கூப்பிடட்டும்."

கூப்பிட்டார்கள். வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு டிக்கெட் அக்கா மேடையை நோக்கி நடந்தார்.