ஊசியில் ஏறிய குமிழிகள்

டுரியான் துங்கால் ஊரில் லோரி பிரேக் பழுதுபார்ப்பவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் மாரடைப்பு வந்து பிழைத்தேன். சில வாரம் கழித்து, இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று ஸ்கேன் எடுக்கக் கூப்பிட்டார்கள். எனக்கெல்லாம் பயமே கிடையாது என்று வழிநெடுக மனைவியிடம் அளந்துகொண்டு போனேன்.

"அங்கிள், நரம்புல ரொம்பச் சின்னக் குமிழிங்க உள்ள மருந்து ஏத்துவோம். ரத்தம் போற இடமெல்லாம் ஸ்கிரீன்ல வெள்ளையா தெரியும்," என்றார் இளம் டாக்டர்.

நான் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டேன்.

"பிரேக் ஆயில் பைப்புல காத்து புகுந்தாலே லோரி நிக்காது டாக்டர். என் உடம்புலயா ஏத்துறீங்க? வேணாம்லா!"

"ரத்த அணு அளவுதான் அங்கிள். கொஞ்ச நேரத்துல கரைஞ்சிடும்."

மனைவி முறைத்த முறைப்பில் மறுபடி படுத்தேன். ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு அவள் கையைப் பற்றியபடி முருகனைக் கூப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்தபோது திரையில் என் இதயத் தசை வெளுத்திருந்தது. ஒரு மூலை மட்டும் கறுப்பாகவே நின்றது. அங்கே மட்டும் ரத்தம் குறைவாம், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறதாம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்த பிறகுதான் மனைவியின் மணிக்கட்டைப் பார்த்தேன். என் ஐந்து விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"அடுத்த தடவ உங்க தம்பியக் கூட்டிக்கிட்டுப் போங்க," என்றாள்.