சிவப்புப் பந்து என் கைப்பையில் இருந்தது

என்னிடம் ஒரு நகப்பூச்சுப் புட்டி இருக்கிறது. அடியில் காய்ந்துபோய்க் கிடக்கிறது. தூக்கிப் போடலாம் என்று எடுப்பேன், அப்படியே வைத்துவிடுவேன். என் வெட்கங்கெட்ட வேலைக்கு அது ஒன்றுதான் சாட்சி. அதைக் கொண்டுதான் ஒரு பிங்பாங் பந்துக்குச் சிவப்படித்தேன்.

மலேசியாவில், ஷா ஆலமில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆள் வரவைக் கவனிப்பது என் வேலை. யார் வந்தார், யார் மட்டம் போட்டார், ஏன் போட்டார். முன்பெல்லாம் மாதம் முழுக்கத் தவறாமல் வந்தவர்களுக்கு ஓர் அரிசிப் பை கொடுப்போம். மூன்றாம் தேதி ஒரு நாள் வராமல் போனவருக்கு அந்த மாதம் அரிசி இல்லை என்று தெரிந்துவிடும். பிறகென்ன, நிம்மதியாக நினைத்தபோதெல்லாம் லீவு எடுப்பார். மேனேஜர் என் மேசைக்கு வந்து வரவுப் பட்டியலைத் தட்டிக் காட்டிவிட்டுப் போவார்.

மேனேஜரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பாராட்டுவது அபூர்வம். எப்போதாவது, எதற்கென்றே புரியாத ஒரு நாளில், “குட் ஜாப்” என்பார். பிறகு பல வாரங்களுக்கு நான் அங்கே இருப்பதே தெரியாதவர் போல நடந்து போவார்.

அந்தச் சமயத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் ஞாயிறுதோறும் உளவியல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு வலுவூட்டல் பாடம், பரிசு கொடுத்து ஒரு பழக்கத்தை வளர்ப்பது பற்றி. கூண்டில் இருக்கும் விசையைத் தட்டும்போதெல்லாம் புறாவுக்குத் தீனி கிடைத்தால், தீனி நின்றதும் கொஞ்ச நேரத்தில் அதுவும் தட்டுவதை நிறுத்திவிடும். எத்தனையாவது தட்டுக்குக் கிடைக்கும் என்று தெரியாதபடி எப்போதாவது கொடுத்தால், அலகு தேய்ந்தாலும் தட்டிக்கொண்டே இருக்கும். கீழேயிருந்து சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது. நான் அந்த வரியை எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். மற்றவர்கள் பரீட்சைக்காக எழுதினார்கள். நான் திங்கட்கிழமைக்காக எழுதினேன்.

ஒரு பெரிய பிஸ்கட் டின். மூடியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே வெள்ளைப் பந்துகள், ஒரே ஒரு சிவப்பு. காலையில் நேரத்துக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று ஒரு முறை கையை விடலாம், எடுத்த பந்தைத் திரும்பப் போட வேண்டும். சிவப்பு வந்தால் அரிசிப் பை அங்கேயே. முதல் வாரமே ஒருவர் விரலால் தடவிப் பூச்சைக் கண்டுபிடித்துவிட்டார். சும்மா விடுவேனா? அன்று வீட்டில் உட்கார்ந்து எல்லா வெள்ளைப் பந்துகளுக்கும் நிறமில்லாத பூச்சு அடித்தேன். படிப்பைப் பயன்படுத்துகிறோம் என்று பெருமை வேறு.

மேனேஜர் ஒரு திருத்தம் சொன்னார்.

“டெய்லி சிவப்பு போடாதீங்க. பழகிரும். எப்ப இருக்கும்னு அவங்களுக்குத் தெரியக்கூடாது.”

அதிலிருந்து அந்தப் பந்து என் கைப்பையில், டிஷ்யூ பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. காலையில் எனக்குத் தோன்றினால் போடுவேன், இல்லாவிட்டால் இல்லை. ஒரு நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஓடி வருவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருவர் திருநீறு பூசிய விரலோடு வருவார். ஒருவர் இடது கையை மட்டும்தான் விடுவார். பந்து என் பையில் இருக்கும்போதும் நான் முகத்தை ஆவலாக வைத்துக்கொண்டு நிற்பேன். அதைவிட வெட்கம், எனக்கு அது பிடித்திருந்தது என்பதுதான்.

பேக்கிங் பகுதியில் ஓர் அக்கா இருந்தார். பண்டமாரானிலிருந்து பஸ்ஸில் வருபவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். டின் வருவதற்கு முன் உடம்பு சரியில்லை என்றால் பேசாமல் வீட்டில் படுத்துக்கொள்வார். டின் வந்த பிறகு அவர் பெயருக்கு நேரே ஒரு நாள்கூட வெற்றிடம் இல்லை.

ஒரு புதன்கிழமை அவர் வரிசையில் நின்றபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. உதடு நடுங்கியது. தோளைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. மூன்று நாளாகக் காய்ச்சல் என்றார். நேராகக் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன்.

“எடுத்துட்டுப் போறேன் மிஸ். ரொம்ப நாளா வரல. இன்னிக்கு வரும்லா.”

அன்று டின்னில் சிவப்பு இல்லை. பையின் ஜிப்பைத் திறக்க எனக்கு ஒரு நொடி போதும். அதுகூட வேண்டாம், இன்று இல்லை அக்கா, போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. நான் டின்னை அவர் பக்கம் நீட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் துழாவினார். வெள்ளை. பரவாயில்லை என்பது போலச் சிரித்துவிட்டு, கிளினிக்குக்குப் போகாமல் வேலைக்கு உள்ளே போனார். வந்துவிட்டோம், இந்த நாளை ஏன் விட வேண்டும் என்று நினைத்திருப்பார். நானும் தடுக்கவில்லை. பத்து மணிக்கு மெஷின் பக்கத்தில் விழுந்துவிட்டார்.

டெங்கி. கிள்ளானில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போய், பிழைப்பாரா என்றே இரண்டு நாள் தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் காலையில் டின் வெளியே வந்தது. வரிசையில் நின்றவர்கள் அவரைப் பற்றி விசாரித்தார்கள், பிறகு டின்னுக்குள் கையை விட்டார்கள். நான் நீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

தேறிவிட்டார் என்று தெரிந்ததும் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கை முழுக்க ஊசி குத்திய நீலம். சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். திட்டட்டும், மூஞ்சியில் கஞ்சியை ஊற்றட்டும், அதோடு அந்த டின்னை உடைத்துப் போட்டுவிடுவேன் என்று இருந்தேன். அன்றைக்குப் பந்து டின்னில் இல்லை, என் பையில் இருந்தது, பாதி நாள் அங்கேதான் இருக்கும் என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் என் கைப்பையையே பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த திங்கக்கிழமை நான் வந்துருவேன் மிஸ். அன்னிக்குப் போடுவீங்களா? வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

போடுகிறேன் அக்கா என்றேன். என் வாயிலிருந்து வந்தது அதுதான்.

போடவும் செய்தேன். அந்தத் திங்கட்கிழமை வரிசையில் அவர்தான் முதலில். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுக் கையை விட்டார். வெள்ளை. அவருக்குப் பின்னால் வெகுதூரத்தில் நின்ற ஒரு நேப்பாளக்காரர் கையில் சிவப்பு வந்தது. அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்தது. எனக்கு அதைவிடக் கேவலமான நிமிடம் வாய்த்ததில்லை. மறுநாளும் அவர்தான் முதலில் நின்றார். அதன் பிறகு அந்த வருடம் முடியும்வரை ஒரு நாள்கூட அவர் லீவு எடுக்கவில்லை.

வருடக் கடைசியில் மேனேஜர் என் மேசையருகே நின்றார். வரவுப் பட்டியலில் அந்த அக்காவின் பெயரை விரலால் தொட்டுக்காட்டி, “குட் ஜாப்” என்றார். பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட வார்த்தை. என் முகம் மலர்ந்துவிட்டது, எனக்கே தெரிந்தது.

மறுநாள் பஸ் வருவதற்கு அரை மணி நேரம் முன்பாகவே நான் டின்னோடு வாசலில் நின்றேன்.