பொட்டு வைக்காமல் விட்ட வண்டி

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பொட்டு வைத்த வண்டி ஓடப்போகிற வண்டி. பொட்டில்லாமல் நிற்பது உடைக்கிற வண்டி. கேஸ் வைத்து இரும்பு அறுக்கிறவர் வந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வண்டியின் நெற்றியைப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம். சாக்பீஸால் எழுதி வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எழுதினால் படிக்க ஆள் வேண்டுமே. அறுக்கிறவருக்கு எழுத்தே தெரியாது. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், இதையும் அப்படித்தான் மெதுவாக எழுதிக்கொண்டு வருகிறேன். பொட்டு வைப்பது என் பொறுப்பு. அதில் ஒரு நாளும் தவறு வந்ததில்லை என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

எழுபதுகளில் நடந்தது. என் பெரியவனை இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் எங்கள் ஷெட். முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் ஒரே அறையில் வீடு. என் வீட்டுக்காரர் பன்னிரண்டு வருஷம் இன்னொருவர் ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு அந்த வருஷம்தான் தனியாக வந்திருந்தார். அதுவரை வந்ததெல்லாம் சில்லறை வேலை. முதல் பெரிய வேலையாக வந்தது கோவளத்து பாயின் பிக்கப்பு வண்டி.

அது பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பச்சை வண்டி. பாயின் அத்தா வாங்கியது. கோவளத்தில் மீனை ஐஸில் ஏற்றி, மாமல்லபுரம் குப்பத்தில் மிச்சத்தை ஏற்றி, செங்கல்பட்டு மார்க்கெட்டில் இறக்கும். அந்த ஒரு வண்டியில்தான் அவர்கள் குடும்பம் சாப்பிட்டது. பெரியவர் பின்தொட்டி முழுக்க தகடு அடித்து, ஐஸ் தண்ணீர் வெளியே போகக் குழாய் வைத்து, தினமும் கிணற்றுத் தண்ணீரில் கழுவ வைத்தாராம். அதனால் மீன் வண்டியாக இருந்தும் துரு ஏறவில்லை. இஞ்சின்தான் இறுகிப்போய்விட்டது. கியர்பாக்ஸும் போய்விட்டது. அந்த வண்டிக்குப் புது சாமான் எங்கேயும் கிடையாது.

என் வீட்டுக்காரர் அலைந்து திரிந்து கேளம்பாக்கத்து உப்பளத்தில் அதே மாதிரி ஒரு வண்டியைப் பிடித்தார். அதே ஏலத்து வண்டி, அதே பச்சை. ஈர உப்பை ஏற்றி ஏற்றிப் பின்பாதி முழுக்க உப்பு தின்றுவிட்டது. கையால் கிள்ளினால் இரும்பு உதிரும். முன்பாதி மட்டும் கல் மாதிரி இருந்தது. அதை வாங்கிக் கயிறு கட்டி இழுத்து வந்தார். அதிலிருந்து இஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றி பாய் வண்டியில் பூட்டுவது, மிச்சத்தை அறுத்துப் பழைய இரும்புக்குப் போடுவது என்று ஏற்பாடு.

இந்த வண்டி ஓடினால் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் உள்ள மீன் வண்டியெல்லாம் நம்மிடம் வரும், ஓடவில்லை என்றால் பழைய முதலாளி வாசலில் போய்த்தான் நிற்க வேண்டும் என்று அவர் சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவார். பழைய முதலாளி வீட்டுப் பெண்கள் என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள். மறுபடி அங்கே போவதில்லை என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

பாய் வாரத்துக்கு இரண்டு தரம் வந்து பார்ப்பார். நான் டீ கொடுப்பேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அது மரியாதை என்று எனக்கு நினைப்பு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாளும் வந்தார். ஒரு பெரிய பொட்டலம் பொரியும் கடலையும் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது இரண்டு வண்டியிலும் இஞ்சின் கழற்றிக் கீழே கிடந்தது. பாய் வண்டிக்குப் புது பெயிண்ட் அடிப்பதற்காகப் பழையதைச் சுரண்டி, நம்பர் பலகையையும் எடுத்திருந்தார்கள். பின்தொட்டியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது.

பூஜையன்று நான் ஸ்பானர், சுத்தி, ஜாக்கி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பிறகு குங்குமக் கிண்ணத்தோடு பாய் வண்டி முன்னால் போய் நின்றேன். கை எழவில்லை. அவர்கள் தொழுகிற வீட்டுக்காரர்கள். அவர்கள் வண்டியில் நாம் குங்குமம் வைத்தால் மனசு சங்கடப்படாதா? உப்பள வண்டி நாங்கள் வாங்கியது, எங்கள் வண்டி. அதன் நெற்றியில் மூன்று பொட்டு வைத்து, கதம்ப மாலை போட்டு, எலுமிச்சம்பழமும் கட்டினேன். நாளைக்கு உடைக்கப்போகிற வண்டிதான். உடம்பைக் கொடுத்துவிட்டுப் போகிறதே என்று ஒரு இரக்கமும் இருந்தது. வழக்கம் என்று ஒன்று இருப்பது அந்த நேரம் எனக்கு ஞாபகமே வரவில்லை. என் வீட்டுக்காரரும் கற்பூரம் காட்டினாரே தவிர கவனிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் பிஸ்டன் ரிங் வாங்க மெட்ராஸுக்குப் பஸ் ஏறினார். அறுக்கிறவர் வருவார் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எப்போதும் வருகிற ஆள்தானே என்று நான் பையனையும் துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டேன்.

திரும்பும்போது உச்சிவெயில். ரோட்டிலேயே, அறுக்கிற கேஸுக்குப் போடுகிற கார்பைடு நாற்றம் அடித்தது. கொட்டகைக்குள் கால் வைத்தேன். உப்பள வண்டி மாலையும் பொட்டுமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. பாய் வண்டி நின்ற இடத்தில் வெளிச்சமாக இருந்தது. இங்கே எப்படி இவ்வளவு வெளிச்சம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் கீழே பார்த்தேன். முன்பாதி துண்டு துண்டாகக் கிடந்தது. ஓரங்கள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன.

அறுக்கிறவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"முன்பாதி முடிஞ்சிட்ச்சிக்கா. சிலிண்டரு தீந்து பூட்ச்சி. பின்பாதிய நாளைக்கி வந்து முடிச்சிடறேன்."

இடுப்பிலிருந்த மூட்டை எப்போது விழுந்தது என்று தெரியாது. துவைத்த துணியெல்லாம் கரியில் கிடந்தது. அது பாய் வண்டி என்று சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"துரு புடிச்சத வெச்சிகினு நல்லத அறுக்கச் சொல்றாங்களேன்னு எனக்கே மனசுல பட்ச்சிக்கா. பொட்டு கீதே, பூ கீதே. மேஸ்திரி கணக்கு நமக்கு இன்னா தெரியும்னு அறுத்துட்டேன்."

அவர் ஓடிப்போயிருக்கலாம். போகவில்லை. சாயந்திரம்வரை ஷெட்டின் இந்த ஓரம் நான், அந்த ஓரம் அவர். சோறு அப்படியே இருந்தது.

என் வீட்டுக்காரர் பொட்டலத்தோடு வந்தார். பார்த்தார். குழாயடிக்குப் போய்க் கைகால் கழுவினார். திரும்பி வந்து அறுக்கிறவர் சட்டையைப் பிடித்தார். கை ஓங்கியதும்தான் எனக்கு உயிர் வந்தது.

"அவர அடிக்காதீங்க. பொட்டு வெக்காம வுட்டது நானு."

ஏன் என்று கேட்டார். சொன்னேன். பிடித்த சட்டையை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அடித்திருந்தால், திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. அறுத்த துண்டு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் கோவளத்துக்குப் போனோம். வேறு யாராவது சொல்லி பாய் கேட்கக் கூடாது, நான்தான் சொல்வேன் என்று பிடிவாதமாகக் கிளம்பியவள் நான். பஸ்ஸில் அவர் என் பக்கமே திரும்பவில்லை. பாய் எங்களைப் பார்த்ததும் வண்டி தயாராகிவிட்டது என்று நினைத்து எழுந்து வந்தார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். முதல் தரம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான்.

எத்தனை துண்டு என்று பாய் கேட்டார். முன்பாதி நாலு துண்டு, பின்பாதி முழுசாக இருக்கிறது என்றார் என் வீட்டுக்காரர். பொட்டு ஏன் வைக்கவில்லை என்று பாய் என்னைக் கேட்டார். அவர் மனசு நோகக் கூடாது என்றுதான் என்றேன்.

அவர் சொன்னதைக் கேட்டபோது, வண்டியைத் துண்டாகப் பார்த்ததைவிட அதிகமாக ஆடிப்போய்விட்டேன். அவர் அத்தா காலத்தில் டிரைவர் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த வண்டிக்குப் பொட்டு வைத்து மாலை போடுவாராம். பெரியவர் கும்பிட மாட்டார். தள்ளி நின்று பார்ப்பார். பொரி கடலை மட்டும் தன் கையால் வாங்கிக் குப்பத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பார். பெரியவரும் போய், டிரைவரும் போய், பாயே ஓட்ட ஆரம்பித்த பிறகு பொட்டு வைக்க ஆளில்லை. பொரி வாங்குவதை மட்டும் அவர் விடவில்லை.

"அன்னைக்கி பொரி கொண்டாந்து குடுத்தேனே, எதுக்குன்னு நெனச்ச? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

அந்தப் பொரியை நாங்கள் இரண்டு நாளாகத் தின்றுகொண்டிருந்தோம்.

பாய் எங்களோடேயே வந்து பார்த்தார். துண்டுகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். என் வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். உப்பள வண்டியின் முன்பாதி நல்லது, பாய் வண்டியின் பின்பாதி நல்லது. வண்டிக்குக் கீழே முதுகெலும்பு மாதிரி நீளமாக ஓடுகிற இரண்டு இரும்பு இருக்கிறதே, சேசிஸ் என்பார்கள், அதை நடுவில் சேர்த்து, இரண்டு பக்கமும் கனத்த தகடு கொடுத்து, ரிவிட் ஆணி அடித்துவிட்டால் நிற்கும் என்றார். முழு லோடில் நிற்குமா என்று பாய் கேட்டார். நிற்காவிட்டால் ஷெட்டை மூடிவிடுகிறேன் என்றார் இவர்.

பாய் ஒத்துக்கொண்டார். லோடோடு ஒரு தரம் மார்க்கெட் போய்ச் சேரட்டும், அதுவரை யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன், அப்புறம் என்ன சொல்வது என்று பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, சேசிஸ் நம்பர் அடித்திருந்த துண்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அவரே நடந்து மனு கொடுத்தார்.

நாற்பது நாள் வேலை நடந்தது. நான் துருத்தி ஊதினேன். ரிவிட்டைச் செக்கச்செவேல் என்று பழுக்க வைத்துக் கொடுப்பேன், இவர் அந்தப் பக்கம் அடிப்பார், அறுத்தவர் இந்தப் பக்கம் தாங்குவார். கூலி வேண்டாம் என்று அவராகவே தினமும் வந்தார். ஒவ்வொரு ரிவிட்டும் ஆறும்வரை மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

கார்த்திகை மழையில் ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்த ஒரு காலையில் கோவளத்தில் லோடு ஏற்றினார்கள். பாய் ஓட்ட, பக்கத்தில் என் வீட்டுக்காரர். நான் பின்னால் ஏறினேன். எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். இரண்டு பாதியும் சேர்ந்த ஒட்டுக்கு நேர் மேலே, ஐஸ் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். என்னால் வந்தது, நான்தான் இங்கே உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பாய் ஒரு சாக்கை மடித்துப் போட்டார். அறுத்தவரும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒடஞ்சா இன்னாக்கா, ரெண்டு பேரும் ஐஸ்லியே போவோம். கெட்டுப் போவ மாட்டோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமல்லபுரத்தில் இன்னும் எட்டுப் பெட்டி ஏற்றினார்கள். வண்டி அமுங்கியது. கீழே 'நொறுக்' என்று ஒரு சத்தம். நான் தகட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஸ்பிரிங் அமுங்குகிற சத்தம்தான் அது என்று அறுத்தவர் சொன்னார். அவர் கையும் தகட்டின் மேல்தான் இருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி, வண்டி முறுக்கிக்கொண்டு ஏறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது வண்டி போய்க்கொண்டிருந்தது.

மார்க்கெட்டில் நின்றதும் என் வீட்டுக்காரர் குதித்து இறங்கி நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். சேறாக இருந்தது. இன்னாங்க, இன்னா ஆச்சி என்று மேலேயிருந்து கேட்டேன். ஒவ்வொரு ரிவிட்டாகத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. என் கால் இரண்டும் மரத்துப்போய் எழ முடியவில்லை. பாய் ஒட்டைப் பார்க்கவே இல்லை. மீன் காத்திருக்காது. அவரும் பெட்டியைத் தோளில் எடுத்து இறக்கிக்கொண்டிருந்தார்.

அங்கே மீன் ஏலம் விடுகிற ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு மாசமாகக் காணோமே, யார் ஷெட்டில் விட்டிருந்தாய், நன்றாக எடுத்துவிட்டார்களே என்று பாயைக் கேட்டார். நாற்பது நாளாக அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்த இடம் அதுதான்.

பாய் தோளிலிருந்த பெட்டியை இறக்காமல், தாடையால் என்னைக் காட்டினார்.

"தோ, இந்தம்மா ஷெட்டுல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஏலக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட நான் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் இன்னும் வண்டிக்கு அடியில்தான் இருந்தார். அவருக்கு அது காதில் விழுந்ததோ என்னவோ, கடைசிவரை நான் கேட்கவில்லை.